பத்ருன்னிசாவின் துபாய் மணி

திருமலைராயன்பட்டினத்தில் இப்போது யார் கையில் வாட்ச் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்யாண மாப்பிள்ளை ஒரு நாள் கட்டுவான்; மறுநாள் அது பீரோவுக்குள் போய், நின்று, மறந்து போகும். வளைகுடாவிலிருந்து லீவில் வரும் பையன்கள் சிலர் கையில் கறுப்புச் சதுரமாக ஒன்று இருக்கும். எத்தனை எட்டு நடந்தான், எவ்வளவு நேரம் தூங்கினான் என்றெல்லாம் அது சொல்லும். ஆனால் மணி கேட்டால் அவனும் பாக்கெட்டிலிருந்து போனைத்தான் எடுப்பான். பள்ளிக்கூட வாத்தியார்கள்கூடக் கழற்றிவிட்டார்கள். விடாப்பிடியாகக் கட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரில் பத்ருன்னிசா ஒருத்தி. அவளிடம் மணி கேட்டும் பிரயோசனம் கிடையாது. அவள் கையில் ஓடியது துபாய் மணி.

நம் ஊரில் பகல் பன்னிரண்டு என்றால் அவள் வாட்ச்சில் பத்தரை. பழுது ஒன்றும் இல்லை. அவளாக வைத்துக்கொண்டதுதான்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், மகள் ஆஃப்ரின் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, புருஷன் காதர் பாட்சா துபாய்க்குப் போனார். துணி மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றின் குடோனில் வேலை. முதல் லீவுக்கு வந்தபோது பொஞ்சாதிக்கு என்று ஒரு வாட்ச் வாங்கி வந்தார். சின்ன முகம், பழுப்புத் தோல் வார். பெட்டியைத் திறந்தபோதே அது ஓடிக்கொண்டிருந்தது, துபாய் நேரத்தில்.

“இரு, நம்ம டயத்துக்கு மாத்தித் தர்றேன்” என்று திருகை இழுக்கப் போனார்.

“வேணாம் மச்சான், அப்படியே இருக்கட்டும்” என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதப் பாத்தா நீங்க அங்க என்னா செஞ்சிக்கிட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்ல.”

அவர் சிரித்தார். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வயதில் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் அழகாகத்தான் இருக்கும். நாற்பத்து மூன்று வயதிலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன செய்யும்? சிரிக்கும்.

இந்த ஊர் நேரத்துக்கு அவளுக்குச் சுவர்க் கடிகாரம் இருந்தது, பள்ளிவாசல் பாங்கு இருந்தது, எப்போதாவது வேளைக்கு வரும் காரைக்கால் பஸ் இருந்தது. கை மட்டும் அவருக்கு. இப்போது எழுந்திருப்பார், இப்போது கம்பெனி வண்டி ஏறியிருப்பார், இப்போது பருப்பும் ரொட்டியும் தின்றுகொண்டிருப்பார் என்று மீன் அலசும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். அவர் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறவர் என்பதற்காக இவள் பகல் சோற்றை இரண்டரைக்குத்தான் தொடுவாள். செல் தீர்ந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தங்கப்பனிடம் போவாள். ஊரில் வாட்ச்சுக்கு என்று தனிக்கடை ஏது? போன் கண்ணாடிக்குத் தாள் ஒட்டுகிற தங்கப்பன்தான் செல்லும் மாற்றித் தருவார். முதல் சில தடவை அவர் சரியான மணி வைத்துக் கொடுக்க, இவள் அங்கேயே நின்று திருப்பி வைப்பாள். பிறகு அவரே பழகிக்கொண்டார்.

“அக்கா, ஒன்றரை மணி நேரம் கம்மி பண்ணிட்டேன், சரி பாத்துக்குங்க” என்பார்.

இது பதினாலு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. கொரோனா வருஷத்தில் கம்பெனியை மூடினார்கள். காதர் பாட்சா சிறப்பு விமானம் ஒன்றில் சென்னைக்கு வந்து இறங்கினார். பதினாலு நாள் எங்கேயாவது ஒதுங்கி இருக்க வேண்டும் என்று சட்டம். பல்லாவரத்தில் தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டு மாடியில் இடம் கிடைத்தது. கீழே தையல் கடை. கடைக்காரி புருஷனை இழந்தவள், கைப்பக்குவம் உள்ளவள். தங்க இடம் கொடுத்த வீட்டிலேயே மனுஷர் தங்கிவிட்டார். நிக்காஹ்வும் செய்துகொண்டார். ஆறு வருஷமாகத் தையல் கடைக்குப் பக்கத்திலேயே நோட்டுப் புத்தகக் கடை வைத்து நடத்துகிறார்.

பத்ருன்னிசாவுக்கு மட்டும் அவர் இன்னும் துபாயில் இருந்தார். பழைய நம்பரிலிருந்தே கூப்பிட்டார். பாஸ்போர்ட்டு அரபிகிட்ட மாட்டிக்கிச்சு, கேஸ் நடக்குது, தீர்ந்தால்தான் ஊருக்கு வர முடியும், அதுவரைக்கும் அதே குடோனில்தான் வேலை என்று சொல்லி வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை ஆறு வருஷம் மறைத்தார். மறைக்க உதவிய கைகள் எத்தனை என்று எண்ணினால்தான் வயிறு எரிகிறது.

அவருடைய தம்பி நூர் அகமது ஒரு வேலையாகச் சென்னைக்குப் போனவர் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து பெண்டாட்டி அஸ்ஃபியாவிடம் மட்டும் சொன்னார். அஸ்ஃபியாவிடம் சொன்னால் கடைத்தெருவில் நின்று சொன்ன மாதிரிதான். ஒரு மாதத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்தது. “நம்ம வாயால எதுக்கு?” என்று ஆளுக்கு ஆள் நல்லவர்களாக ஒதுங்கிக்கொண்டார்கள். சொல்லிவிட்டால் அப்புறம் வேடிக்கை பார்க்க ஒன்றும் இருக்காதே, அதுவும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், மணி கேட்பது. யாராவது வெளியூர் விருந்தாளி வந்தால் அஸ்ஃபியா எதிர்வீட்டு வாசலிலிருந்து அக்கா முறை வைத்துக் குரல் கொடுப்பாள்.

“லாத்தா, துபாய்ல இப்ப மணி என்னா?”

பத்ருன்னிசா கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துச் சொல்வாள். “பத்தே முக்கா. இப்பத்தான் டீ குடிச்சிட்டு மறுபடி குடோனுக்குள்ள போயிருப்பாங்க.”

“அப்படியா லாத்தா, பாவம் அவுங்க, என்னா உழைப்பு!” என்பாள் அஸ்ஃபியா. உள்ளே போனதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்கும். பத்ருன்னிசா அதை வேறு ஏதோ சிரிப்பு என்று எடுத்துக்கொள்வாள். தெருவுக்கு இரக்கமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரக்கமும் பட்டார்கள். பட்டுக்கொண்டே சிரித்தார்கள்.

நோன்பு மாதத்தில்தான் இது எல்லை மீறியது. சாயங்காலப் பாங்கு சொன்னதும் பத்ருன்னிசா முறைப்படி ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மடக்குத் தண்ணீரும் எடுத்து நோன்பைத் திறந்துவிடுவாள். அதில் தவறு வைக்க மாட்டாள். ஆனால் கஞ்சிக் கிண்ணத்தை மூடி வைத்துவிடுவாள். அங்கே அவருக்கு இன்னும் பொழுது சாயவில்லை, பட்டினியாக நின்று மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார், நான் மட்டும் வயிறு நிறையக் குடிப்பதா? வாட்ச்சில் துபாயின் பொழுது சாயும் மஃரிபு நேரம் வரும்வரை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், அந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அப்போது பல்லாவரத்தில் அவர் இரண்டாவது கிண்ணமும் முடித்து, சமோசாவும் தின்று, ஏப்பம் விட்டுப் படுத்திருப்பார். ஆறு நோன்பு மாதம் இப்படி. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்களில் ஒருத்திக்காவது எழுந்து வந்து கிண்ணத்தைத் திறந்து கையில் கொடுக்கத் தோன்றவில்லை.

ஆஃப்ரினுக்குச் சம்பந்தம் அமைந்தது இந்த வாட்ச்சால்தான். காரைக்கால் டவுனிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அஜ்மீருக்குக் கத்தாரில் வேலை. அவனுடைய உம்மா நல்ல மாதிரி. மஃரிபுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று பேச்சுக்கு நடுவே மணி கேட்டார். பத்ருன்னிசா கையைப் பார்த்து, “ரெண்டே முக்கா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அல்லாஹ்வே, இங்க நாலேகால் ஆச்சுங்க. இது அவுங்க டயம்.”

அந்த அம்மாள் விவரம் கேட்டார். கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தக் காலத்துல கையில வாட்ச் கட்டுறதே ஆரு? அதுலயும் புருஷன் நேரத்தக் கட்டிக்கிட்டு ஒரு பொம்புளையா? எனக்கு வேற எதுவும் பாக்க வேணாம். இப்படி ஒரு உம்மா வயித்துல பொறந்த புள்ள என் மகன் வெளிநாட்டுல இருந்தாலும் அவன நெஞ்சுல வச்சிக்கிட்டு இருக்கும்.”

ஆஃப்ரின் தட்டோடு நின்றிருந்தாள், தலை நிமிரவில்லை. வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெருநாள் கழித்து நிக்காஹ் என்று நாள் குறித்தார்கள்.

நிக்காஹ்வுக்குப் பெண்ணின் தகப்பன் சம்மதம் வேண்டும். தகப்பன் நேரில் வர முடியாவிட்டால், தனக்குப் பதிலாக இன்னார் நின்று நடத்தட்டும் என்று சாட்சிகள் கேட்கத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்காக முதல் நாள் சாயங்காலம் பத்ருன்னிசாவின் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். நிக்காஹ் ஓதி வைக்கும் அப்துல் லத்தீப் ஹஜ்ரத் வந்திருந்தார். ஊருக்குப் புதியவர், உள்விவகாரம் தெரியாதவர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர். நூர் அகமது. டீப்பாயின் மேல் போன். கதவுத் திரைக்குப் பின்னால் பத்ருன்னிசா, அவளுக்குப் பின்னால் அஸ்ஃபியா.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு உடனே பேசிவிடுவதாக ஏற்பாடு. ஹஜ்ரத் இன்னொரு வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு வரத் தாமதமாகிவிட்டது. அப்புறம் இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை கிடைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நூர் அகமது ஸ்பீக்கரில் போட்டார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் பாட்சா பாய், நல்லா இருக்கீங்களா?” என்றார் ஹஜ்ரத்.

“வ அலைக்கும் ஸலாம் ஹஜ்ரத். அல்ஹம்துலில்லாஹ். நான் வர முடியாமப் போச்சேன்னுதான்…” என்று காதர் பாட்சாவின் குரல் கம்மியது. நடிப்பில் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஊர்ப் பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு தொடங்கியது. பாங்கு சொல்லும்போது யாரும் பேசுவதில்லை. ஹஜ்ரத் கையை உயர்த்தி அமைதி காட்டினார். கூடம் அடங்கியது.

அடங்கிய கூடத்தில் போனுக்குள்ளிருந்தும் பாங்கு கேட்டது.

பாங்கு சொல்லும் ஊர் மோதினாருக்கு வயதான கரகரத்த குரல். போனில் கேட்டது ஓர் இளங்குரல், இவருக்கு இரண்டு வரி பின்னால் வந்துகொண்டிருந்தது. நூர் அகமது சடாரென்று போனை எடுக்கப் போனார். ஹஜ்ரத் முறைத்தார், பாங்கு நேரத்தில் என்ன அவசரம்? நூர் அகமதுவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. முழுதாக மூன்று நிமிஷம் இரண்டு பாங்கும் அந்தக் கூடத்தில் ஒலித்தன. குறுக்கே பேசவோ, இருமவோ, மழுப்பவோ ஒருவருக்கும் வழியில்லை.

பத்ருன்னிசா கையைத் திருப்பிப் பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு.

துபாயில் அஸர் பாங்கு சொல்லி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மஃரிபுக்கு இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருக்கிறது. நாலு ஐம்பத்திரண்டுக்கு அங்கே எந்தப் பள்ளியிலும் பாங்கு கிடையாது. அந்த ஊரின் தொழுகை நேரங்களை இருபது வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருப்பவள் அவள். போன செவ்வாய்க்கிழமை என்ன நேரம் என்று கேட்டாலும் சொல்வாள்.

பாங்கு முடிந்ததும் ஹஜ்ரத் கள்ளமில்லாமல் சிரித்தார். “அங்கயும் இப்பத்தான் பாங்கு சொன்னாங்க போல பாட்சா பாய். சரி, சொல்லுங்க.”

“நம்ம பள்ளி சத்தம்தான் ஹஜ்ரத், போன்ல திரும்பி வருது” என்றார் நூர் அகமது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எந்த ஊரில் எப்போது பொழுது சாயும் என்று அந்த வீட்டில் கணக்குப் போடத் தெரிந்தவள் ஒருத்திதான். காதர் பாட்சா பிசகில்லாமல் சொல்லி முடித்தார். என் மகள் ஆஃப்ரினின் நிக்காஹ்வை எனக்குப் பதிலாக என் தம்பி நூர் அகமது நின்று நடத்தட்டும், எனக்கு முழுச் சம்மதம். ஹஜ்ரத் துஆ ஓதினார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். பத்ருன்னிசா சொன்னாளா என்று தெரியவில்லை.

அவள் அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே அஸ்ஃபியா வந்தாள். இந்தத் தடவை அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“எங்க இருக்காங்க?” என்று கேட்டாள் பத்ருன்னிசா.

“லாத்தா, நீங்க என்னா கேக்குறீங்க…”

“எந்த ஊருன்னு கேக்குறேன்.”

“பல்லாவரம்.” அஸ்ஃபியா தரையைப் பார்த்தாள்.

“எத்தினி வருஷமா?”

“கொரோனா வருஷத்துலேருந்து.”

“தனியாவா?”

அஸ்ஃபியா முந்தானை நுனியை விரலில் சுற்றத் தொடங்கினாள். அதற்கு மேல் கேட்க வேண்டிய தேவை இல்லை. இத்தனை வருஷமும் வாசலில் நின்று மணி கேட்ட குரலெல்லாம் பத்ருன்னிசாவின் காதில் ஒன்றாக வந்து இறங்கியது. துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். நடுத்தெருவில் துணி அவிழ்ந்து நிற்பது தெரியாமல் ஆறு வருஷம் நின்றிருக்கிறோம் என்கிற வெட்கம்.

“ஆருக்கெல்லாம் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும் உம்மா” என்றது வாசல்பக்கம் ஒரு குரல். ஆஃப்ரின் நின்றிருந்தாள். இரண்டு கையிலும் மருதாணி, காய்வதற்காக அகட்டிப் பிடித்திருந்தாள். “சத்தம் போடாதீங்க. அவுங்க இன்னும் கூடத்துலதான் இருக்காங்க.”

பத்ருன்னிசா மகளைப் பார்த்தாள். “ஒனக்கும் தெரியுமா?”

“நான் சென்னைல காலேஜ் படிச்சேன்ல. ஞாயித்துக்கிழமை அங்கதான் போவேன். வாப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க.”

“அந்த வூட்டுக்கா?”

“ஆமா. அவுங்க ஒண்ணும் கெட்டவுங்க இல்ல உம்மா. நல்லாத்தான் ஆக்கிப் போட்டாங்க.”

மூன்று வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டுவிட்டு, விடுமுறைக்கு வந்து, இந்த அடுப்படியில் கஞ்சிக் கிண்ணத்தை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாயைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள் இந்தப் பெண். பெற்ற வயிறு அதை எப்படித் தாங்கும்?

“நோன்புல நான் பட்டினி கெடந்தப்பகூட ஒரு வார்த்த சொல்லத் தோணலியாடி ஒனக்கு?”

“சொன்னா மட்டும் என்னா செஞ்சிருப்பீங்க?” ஆஃப்ரினின் குரல் இறங்கவே இல்லை. “வாப்பா போன் பேசுறத நிறுத்தியிருப்பாங்க, அவ்வளவுதான். நீங்க பாட்டுக்கு அந்த வாட்ச்சப் பாத்துக்கிட்டு சந்தோஷமா இருந்தீங்க. ஒங்களுக்கு அது போதும்னு விட்டுட்டோம்.”

பத்ருன்னிசா அறையவில்லை. கை ஓங்கக்கூடத் தோன்றவில்லை. வாட்ச்சின் வாரை அவிழ்த்தாள். இருபது வருஷம் வெயில் படாத தோல் மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக, ஈரமாக, யாருடையதோ போல இருந்தது. வாட்ச்சை வெங்காயக் கூடைப் பக்கம் வீசினாள்.

“நாளைக்கு ஒரு நாள் சபுர் பண்ணிப் பொறுத்துக்குங்க உம்மா” என்றாள் ஆஃப்ரின். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்க. நம்ம ஒண்ணுதானே சொல்றோம். மாப்புள வூட்டு மாமிக்கு மட்டும் தெரிஞ்சிது, மேடைலேருந்தே எழுந்திருச்சுப் போயிருவாங்க. என் வாழ்க்கை ஒங்க கைலதான் இருக்கு.”

விடியும்வரை பத்ருன்னிசா ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ‘அவுங்க துபாய்ல இல்ல.’ மூன்றே வார்த்தை. மாப்பிள்ளையின் உம்மாவிடம் நிக்காஹ்வுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாள் நம்பி வந்தவர். இந்தப் பொய்யை அஸ்திவாரமாக வைத்து வீடு கட்டுகிறவர். சொன்னால் கல்யாணம் நின்றாலும் நிற்கும். நிற்கட்டும். எனக்கு ஆறு வருஷம் வாழ்க்கையே நின்றதே, அதை யார் கேட்டார்கள்? இப்படி நினைத்ததும் மகளின் மருதாணிக் கை கண்ணுக்குள் வந்தது. விரட்டினாள். மறுபடி வந்தது. சொல்லியே தீர்வது என்று முடிவு செய்துகொண்டுதான் பட்டுப் புடவை கட்டினாள். கையை வெறுமையாக விட்டுவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பினாள்.

காரைக்கால் ரோட்டில் மண்டபம். ஆண்கள் முன்கூடத்தில், பெண்கள் பின்கூடத்தில். பதினொன்றே முக்காலுக்கு அஜ்மீரின் உம்மா சொந்தக்காரப் பெண்கள் நாற்பது பேர் சூழ வந்தார். நேராகப் பத்ருன்னிசாவிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“இவுங்கதான் நான் சொன்ன சம்பந்தி” என்று எல்லோருக்கும் காட்டினார். “இருபது வருஷமா புருஷன் நேரத்தக் கையில கட்டிக்கிட்டு இருக்காங்க. எங்க, காட்டுங்க சம்பந்தி, எல்லாரும் பாக்கட்டும்.” கையைத் தூக்கியவர் வெறும் மணிக்கட்டைப் பார்த்துத் திகைத்தார். “வாட்ச் எங்க?”

இதுதான் நேரம். பத்ருன்னிசா வாயைத் திறந்தாள். “அவுங்க…” என்றாள்.

“உம்மா இப்படித்தான் மாமி, கல்யாண அவசரத்துல மறந்துட்டு வந்துட்டாங்க. நான் எடுத்தாந்தேன்.”

ஆஃப்ரின் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து வந்திருந்தாள். தலைமுக்காடு சரிய, கழுத்து நிறைய நகையோடு, கல்யாணப் பெண் எழுந்து வரலாமா என்று நாலு பேர் பதறுவதற்குள் தாயின் இடது கையைப் பிடித்தாள். அவள் விரல்களுக்குள் அந்த வாட்ச் இருந்தது. பழைய இடத்தில், அந்த வெள்ளைத் தோலின் மேல் வைத்து, வாரைச் சுற்றி, கொக்கியில் மாட்டினாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“மாஷா அல்லாஹ், மகளே கட்டி விடுறத பாருங்க” என்று உருகினார் அஜ்மீரின் உம்மா. “சொல்லுங்க சம்பந்தி, துபாய்ல இப்ப மணி என்னா?”

தெருப் பெண்கள் ஒரு ஓரமாக நின்றிருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை. அஸ்ஃபியா முந்தானையை வாயருகே கொண்டு போயிருந்தாள், பழக்கதோஷம். பத்ருன்னிசா மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்திருந்தால் ஒருவேளை மனம் இளகி அழுதிருப்பாள், அழுகையில் எல்லாம் வெளியே வந்திருக்கும். கெஞ்சல் இல்லை. சொல்லு என்கிற அதட்டல்தான் இருந்தது. சொந்த மகள், தப்பாகப் பதில் சொல்லிவிடப் போகிற குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் இந்த நாற்பது பேர் முன்னால் தான் ஏமாந்தவளாக நிற்க வேண்டும். பேசாமல் மணியைச் சொல்லிவிட்டால் ஏமாற்றுகிறவளாக நிற்கலாம். அந்த நிமிஷத்தில் இரண்டாவது கொஞ்சம் மேல் என்று பட்டது அவளுக்கு. மகளுக்காகச் செய்தாள் என்று பின்னால் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

“பத்தே கால்” என்றாள். “டீ குடிச்சிட்டு இப்பத்தான் குடோனுக்குள்ள போயிருப்பாங்க.”

நாற்பது பேரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஆஃப்ரின் மூச்சை விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் நிக்காஹ் முடிந்துவிட்டது என்று முன்கூடத்திலிருந்து சேதி வந்தது. சர்க்கரையும் பேரீச்சம்பழமும் தட்டுத் தட்டாக வந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ பத்ருன்னிசாவைக் கட்டிப் பிடித்தார்கள், யாரோ வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள். அது கரைகிற வரைக்கும் அவள் அசையாமல் நின்றாள்.

அஜ்மீரின் உம்மா மருமகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைப்பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். மோதிரம் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். திறந்தால் வாட்ச். ரோஜா நிறத் தோல் வார், பளபளவென்று புதுசு.

“அஜ்மீருக்கு லீவு இன்னும் பதினெட்டு நாளுதான். அப்புறம் எப்ப வருவான்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்” என்றார். “அவன்கிட்டயே கேட்டு கத்தார் மணி வச்சிட்டேன். நம்மளுக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. என் மருமகளும் அவ உம்மா மாதிரியே இருக்கணும்.” அப்புறம் பத்ருன்னிசாவை நிமிர்ந்து பார்த்தார். “ஒங்க கை ராசியான கை. நீங்களே கட்டி விடுங்க சம்பந்தி.”

ஆஃப்ரின் வாட்ச்சைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒன்று இப்போதுதான் அதில் வந்தது. பயம். நல்லவேளையாகக் கல்யாணப் பெண்ணின் முகத்தில் அது யாருக்கும் புதிதாகத் தெரியாது. மாமியார் அவள் கையைப் பிடித்து நீட்டினார்.

பத்ருன்னிசா குனிந்தாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. வாரை மணிக்கட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, கொக்கி முள் விழ வேண்டிய துளையைத் தாண்டி, அடுத்த துளையில் இழுத்து மாட்டினாள்.

“உம்மா, இறுக்கமா இருக்கு” என்றாள் ஆஃப்ரின் மெதுவாக. “வலிக்குது.”

“பழகிரும்” என்றாள் பத்ருன்னிசா.